தெரிந்த தளத்திலும் தீநிரல்

2018 ஆகஸ்ட் 21-ஆம் தேதிக்கும் செப்டம்பர் 5-ஆம் தேதிக்கும் இடையே பிரிட்டிஷ் ஏர்வேஸ் இணையதளத்தில் டிக்கெட் எடுத்தவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. முகவரியைச் சரியாகத்தான் தட்டினார்கள். முகவரிப் பட்டையில் பூட்டுக் குறி இருந்தது. கார்டு விவரங்களைக் கொடுத்தார்கள், பணம் கழிந்தது, டிக்கெட்டும் வந்து சேர்ந்தது. ஆனால் பணம் செலுத்தும் பொத்தானிலிருந்து விரலை எடுத்த அதே நொடியில், அவர்களுடைய பெயரும் முகவரியும் கார்டு எண்ணும் இன்னொரு கணினிக்கும் கிளம்பிப் போயின. அந்தக் கணினி ருமேனியாவில் இருந்தது. அதற்கு வைத்திருந்த பெயர் பிஏவேஸ்.காம். விமான நிறுவனத்தின் சொந்த முகவரிகளில் ஒன்று என்றே எவரும் நினைத்திருப்பார்கள்.

இத்தனை வேலையையும் செய்தது 22 வரி ஜாவாஸ்கிரிப்ட் நிரல். சம்பவத்தை ஆராய்ந்த ரிஸ்க்ஐக்யூ நிறுவனம், அந்த வரிகள் ‘மாடர்னைசர்’ என்ற பிரபலமான நிரல் கோப்பின் வாலில் ஒட்டவைக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தது. 2012 டிசம்பருக்குப் பிறகு யாரும் கைவைக்காத கோப்பு அது. கிட்டத்தட்ட ஆறு ஆண்டு கழித்து 2018 ஆகஸ்ட் 21 அன்று திடீரென்று மாறியிருந்தது. மவுஸ் பொத்தான் விடுபடுகிறதா, தொடுதிரையிலிருந்து விரல் எழுகிறதா என்று அது காத்திருந்தது. அது நடந்ததும் படிவத்தில் நிரப்பியிருந்த அத்தனையையும் அள்ளிக்கொண்டது. நிறுவனத்தின் கைபேசிச் செயலியும் தப்பவில்லை. செயலி தன் பக்கங்கள் சிலவற்றை அதே இணையதளத்திலிருந்து எடுத்துத்தான் காட்டியது. பாதிக்கப்பட்டவர்கள் 4 லட்சத்துக்கும் மேல். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2020 அக்டோபரில் நிறுவனத்துக்கு 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தது.

‘தெரியாத தளத்துக்குப் போகாதே’ என்ற பழைய அறிவுரை இந்த 4 லட்சம் பேரில் ஒருவரைக்கூடக் காப்பாற்றியிருக்காது. நல்ல தளத்துக்குப் போகிறவர் தீநிரலில் மாட்டிக்கொள்வது எப்படி என்பதைப் புரிந்துகொண்டால்தான் எங்கே காவல் வைக்க வேண்டும் என்பது தெரியும்.

ஒரு பக்கம், பல கைகள்

ஒரு செய்தித் தளத்தைத் திறக்கும்போது திரையில் தெரிவது ஒரே பக்கம்தான். பிரவுசர் பார்ப்பது வேறு. முதலில் அது தளத்தின் சர்வரிலிருந்து ஒரு கோப்பை வாங்குகிறது. அந்தக் கோப்பு முழுக்க, இதை அங்கிருந்து எடு, அதை இங்கிருந்து எடு என்று கட்டளைகள். எழுத்துரு ஓரிடத்திலிருந்து வருகிறது, வீடியோ ஓட்டும் நிரல் இன்னோரிடத்திலிருந்து. எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று எண்ணும் நிரல் மூன்றாவது இடம், விளம்பரம் நான்காவது இடம். அந்த விளம்பர நிரல் தன் பங்குக்கு இன்னும் சிலரைக் கூட்டி வருகிறது. கல்யாணப் பத்திரிகையில் ஒரு வீட்டாரின் பெயர்தான் இருக்கும், பந்தியில் பரிமாறுவது எத்தனையோ பேர் கொண்டுவந்த சரக்கு. இணையப் பக்கமும் அப்படித்தான் கூட்டிச் சேர்க்கப்படுகிறது.

இதில் ஒரு முக்கியமான விதி இருக்கிறது. வெளியிலிருந்து வந்த நிரலானாலும், ஒரு பக்கத்துக்குள் நேரடியாகச் சேர்க்கப்பட்டுவிட்டால், அந்தத் தளத்தின் சொந்த நிரலுக்கு உள்ள எல்லா உரிமையும் அதற்குக் கிடைத்துவிடும். படிவத்தில் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் படிக்கலாம். பக்கத்தில் உள்ளதை மாற்றி எழுதலாம். வந்தவரை வேறு தளத்துக்குத் திருப்பிவிடலாம். எது வீட்டுக்காரருடையது, எது வெளியாருடையது என்று பிரவுசர் பாகுபாடு பார்ப்பதில்லை. ஆகவே ஒரு பெரிய தளத்தை நேரடியாக உடைக்க வேண்டிய அவசியம் திருடனுக்கு இல்லை. அந்தத் தளத்துக்குச் சரக்கு அனுப்பும் ஏதாவது ஒரு சிறிய இடத்தைப் பிடித்தால் போதும்.

2018 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை அன்று நடந்தது இதுதான். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் படிக்கச் சிரமப்படுவோருக்கும் பக்கத்தை வாசித்துக் காட்ட ‘பிரவுஸ்அலவுட்’ என்றொரு நிரலை டெக்ஸ்ட்ஹெல்ப் நிறுவனம் வழங்கிவந்தது. நல்ல நோக்கத்துக்கான நிரல் என்பதால் அரசுத் தளங்கள் பலவும் அதைச் சேர்த்திருந்தன. அந்த ஒரு கோப்பில் யாரோ கைவைத்தார்கள். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையைச் சேர்ந்த தளங்கள், அமெரிக்க நீதிமன்றத் தளம் என 4,000-க்கும் மேற்பட்ட இணையதளங்கள், வந்துபோனவர்களின் கணினிகளில் ‘மொனேரோ’ என்ற மின்நாணயத்தைத் தோண்டத் தொடங்கின. பாதிக்கப்பட்ட தளங்களின் பட்டியலில், பிரிட்டிஷ் ஏர்வேஸுக்குப் பின்னாளில் அபராதம் விதித்த தகவல் ஆணையர் அலுவலகத்தின் தளமும் இருந்தது. இதை வெளியே கொண்டுவந்தவர் பாதுகாப்பு ஆய்வாளர் ஸ்காட் ஹெல்ம். தோண்டும் நிரல் ஓடினால் கணினியின் வேகம் குறையும், மின்சாரம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். அதே வழியில் கடவுச்சொல் திருடும் நிரலை வைத்திருந்தால் சேதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

2024-இல் நடந்தது இதைவிட நுட்பமானது. பழைய பிரவுசர்களுக்குத் தெரியாத புதிய வசதிகளை இட்டு நிரப்ப ‘பாலிஃபில்’ என்றொரு இலவச நிரல் இருந்தது. பாலிஃபில்.ஐஓ என்ற முகவரியிலிருந்து அதை லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் எடுத்துக்கொண்டிருந்தன. அந்த ஆண்டு பிப்ரவரியில் அந்த முகவரியை ஃபன்னல் என்ற சீனத் தொடர்புள்ள நிறுவனம் விலைக்கு வாங்கியது. திட்டத்தைத் தொடங்கிய ஆண்ட்ரூ பெட்ஸ், அந்த நிரலை உடனே நீக்கிவிடுங்கள், இன்றைய பிரவுசர்களுக்கு அது தேவையே இல்லை என்று அப்போதே எச்சரித்தார். பலர் நீக்கவில்லை. எழுதி வைத்து ஆண்டுக்கணக்கில் ஆன ஒரு வரியை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

ஜூன் 25 அன்று நெதர்லாந்தின் சான்செக் நிறுவனம், அந்த முகவரி தீநிரலை அனுப்புகிறது என்று அறிவித்தது. கைபேசியில் வருபவர்களை அது விளையாட்டுச் சூதாட்டத் தளங்களுக்குத் திருப்பிவிட்டது. திருப்பிவிடுவதற்குப் பயன்பட்ட முகவரி கூகிள் அனலிட்டிக்ஸ் போலவே இருந்தது. ஆங்கில ‘எல்’ வர வேண்டிய இடங்களில் ‘ஐ’ இருந்ததுதான் வித்தியாசம். எல்லோருக்கும் இந்த நிரல் வேலை செய்யவில்லை. குறிப்பிட்ட கைபேசிகளில், குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் விழித்துக்கொண்டது. தளத்தின் நிர்வாகி வந்திருக்கிறார் என்று தெரிந்தால் சும்மா இருந்துவிட்டது. அதனால் பயனர் புகார் சொன்னாலும், நிர்வாகி தன் கணினியில் திறந்து பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறதே என்று சொல்லும் நிலை.

வெளிக் கோப்புகளை இப்படி மாற்றுவதைத் தடுக்கத் தளம் நடத்துபவர்களுக்கு ஒரு வழி உண்டு. எடுத்துவரும் கோப்பின் கணிதக் கைரேகையை முன்கூட்டியே பக்கத்தில் எழுதி வைக்கலாம். வந்த கோப்பில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கைரேகை ஒத்துப்போகாது, பிரவுசர் அதை ஓட்ட மறுத்துவிடும். 2016-இலேயே இது இணையத் தரமாக ஏற்கப்பட்டுவிட்டது. பிரவுஸ்அலவுட் தாக்குதலை இந்த ஒரு வரி நிறுத்தியிருக்கும் என்பதை ஹெல்ம் அப்போதே சுட்டிக்காட்டினார். பாலிஃபில் விஷயத்தில் இதுவும் உதவாது. ஒவ்வொரு பிரவுசருக்கும் வெவ்வேறு கோப்பை அனுப்புவதுதான் அதன் வேலையே என்பதால் நிலையான கைரேகை எடுக்க முடியாது. அங்கே ஒரே வழி, தேவையில்லாததை நீக்குவது.

ஏலத்தில் நுழையும் விளம்பரம்

நிரலை மாற்றுவதற்குக் கொஞ்சம் திறமை வேண்டும். விளம்பரம் கொடுக்கப் பணம் இருந்தால் போதும்.

2009 செப்டம்பரில் ஒரு வார இறுதி. நியூயார்க் டைம்ஸ் தளத்தைத் திறந்தவர்களுக்கு, கணினியில் வைரஸ் இருக்கிறது, இந்த மருந்து நிரலை வாங்குங்கள் என்று ஒரு பெட்டி எழுந்தது. மருந்து என்று சொல்லப்பட்டதுதான் மோசடி. வோனேஜ் என்ற தொலைபேசி நிறுவனத்தின் பெயரில் யாரோ விளம்பர இடம் வாங்கி, முதலில் ஒழுங்கான விளம்பரத்தை ஓட்டினார்கள். வார இறுதி வந்ததும் அதை மாற்றிவிட்டார்கள்.

அப்போதாவது ஒருவர் விளம்பர இடம் கேட்டார், பத்திரிகை ஒப்புக்கொண்டது. இன்று பெரும்பாலான விளம்பர இடங்கள் பக்கம் திறக்கும் இடைவெளியிலேயே தானியங்கி ஏலத்தில் விற்றுப்போகின்றன. கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் ஏலம் அது. யார் வாங்கினார்கள் என்பது தளம் நடத்துபவருக்கே முன்கூட்டித் தெரியாது. 2013 டிசம்பர் இறுதியிலும் 2014 ஜனவரித் தொடக்கத்திலும் யாஹூவின் விளம்பரச் சர்வர்கள் வழியாகத் தீநிரல் பரவியதை நெதர்லாந்தின் ஃபாக்ஸ்-ஐடி நிறுவனம் கண்டறிந்தது. மணிக்குச் சுமார் 3 லட்சம் பேர் அந்த விளம்பரங்களைச் சந்தித்தார்கள், அவர்களில் 9 விழுக்காட்டினர், அதாவது மணிக்கு 27,000 பேர் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பது அந்நிறுவனத்தின் கணிப்பு. எதையும் சொடுக்க வேண்டியதில்லை. விளம்பரம் திரையில் தெரிந்தாலே போதும். 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி, எம்எஸ்என், ஏஓஎல் எனப் பெரிய பெயர்கள் ஒரே சமயத்தில் இதே வலையில் சிக்கின.

அந்த 9 விழுக்காட்டைச் சற்று உற்றுப் பார்ப்பது நல்லது. ஒரே விளம்பரம், ஒரே தளம், ஆனால் நூறு பேரில் தொண்ணூற்றொரு பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. யாஹூ விளம்பரங்கள் தேடியது ஜாவா மென்பொருளில் இருந்த ஓட்டைகளை. ஜாவா இல்லாத கணினியிலும், புதுப்பிக்கப்பட்ட ஜாவா இருந்த கணினியிலும் அதற்கு நுழைய வழி இல்லை. மாட்டிக்கொண்டாரா தப்பித்தாரா என்பதைத் தீர்மானித்தது அவர் போன இடம் அல்ல, அவர் கையில் வைத்திருந்த கருவியின் நிலை.

நீர்நிலையோரம் காத்திருப்பவர்கள்

எல்லோருக்கும் வலை வீசுபவர்கள் ஒரு வகை. இன்னொரு வகையினர் குறிப்பிட்ட சிலரை மட்டும் குறிவைத்து, அவர்கள் வழக்கமாக வரும் தளத்தில் காத்திருக்கிறார்கள். மான் தண்ணீர் குடிக்க வரும் இடத்தில் புலி பதுங்குவதை ஒப்பிட்டு, நீர்நிலைத் தாக்குதல் என்ற பெயர் இதற்கு 2012 வாக்கில் வந்தது.

போலந்தின் நிதி ஒழுங்குமுறை ஆணையத்தின் தளம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. வங்கி ஊழியர்கள் வேலை நிமித்தம் அன்றாடம் பார்க்க வேண்டிய தளம் அது. 2016-இன் கடைசி மாதங்களில் அதன் நிரலில் ஒரு சிறிய மாற்றம் செய்யப்பட்டது. வருபவரின் இணைய முகவரியை அந்த வரி பார்த்துக்கொள்ளும். பட்டியலில் உள்ள நிறுவனமாக இருந்தால் மட்டும் தாக்கும், மற்றவர்களைத் தொடாது. 2017 பிப்ரவரியில் விஷயம் வெளியானபோது போலந்து வங்கிகள் பலவற்றின் கணினிகளில் தீநிரல் இருந்தது. 31 நாடுகளைச் சேர்ந்த 104 நிறுவனங்கள் இலக்குப் பட்டியலில் இருந்ததாக சைமன்டெக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தெரிவித்தது.

கைபேசியும் இதற்கு விலக்கு அல்ல. 2019 ஆகஸ்டில் கூகிளின் ‘புராஜெக்ட் ஜீரோ’ குழுவைச் சேர்ந்த இயன் பியர், வாரத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வந்துபோகும் சில தளங்கள் ஐஃபோன்களை உடைத்துவந்ததை விரிவாக எழுதினார். பக்கத்தைத் திறந்தாலே போதும், செய்திகள், படங்கள், இருக்கும் இடம் எல்லாம் வெளியே போயின. இதற்காக மொத்தம் 14 ஓட்டைகள் ஐந்து சங்கிலிகளாகக் கோக்கப்பட்டிருந்தன. 2019 பிப்ரவரி 1 அன்று கூகிள் ஆப்பிளுக்குத் தகவல் தந்தது. ஆறே நாளில், பிப்ரவரி 7 அன்று, திருத்தம் வந்தது. அந்தத் தீநிரல் கைபேசியில் நிரந்தரமாகத் தங்கும் வகையைச் சேர்ந்தது அல்ல. கைபேசியை அணைத்துத் திறந்தால் போய்விடும். அதற்குள் திருடப்பட்டவை மட்டும் திரும்பி வராது.

பிரவுசர் கட்டிய மதில்

ஏன் 14 ஓட்டைகள்? ஒன்று போதாதா? இன்றைய பிரவுசர்களின் அமைப்பில் இருக்கிறது விடை.

2008-இல் குரோம் வெளிவந்தபோதே, இணையப் பக்கத்தை ஓட்டும் பகுதியை ஓர் அடைப்புக்குள் வைக்கும் முறையோடு வந்தது. பக்கத்தில் உள்ள நிரல் எதுவானாலும் அந்த அடைப்புக்குள்தான் ஆட முடியும். கோப்புகளைத் தொட முடியாது, புதிய நிரலை நிறுவ முடியாது. 2018-இல் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி அடைப்பு என்று அது இன்னும் இறுகியது. ஆகவே தாக்குபவருக்கு முதலில் பக்கத்தை ஓட்டும் பகுதியில் ஓர் ஓட்டை வேண்டும், பிறகு அடைப்பை உடைக்க இன்னொன்று, இயங்குதளத்தின் கருவைப் பிடிக்க மற்றொன்று. ஒரு காலத்தில் எளிதான வாசல்களாக இருந்த ஃபிளாஷும் ஜாவா செருகுநிரலும் இன்று பிரவுசர்களில் இல்லை. ஃபிளாஷுக்கு 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி ஆதரவை நிறுத்திக்கொண்டது.

இருந்தும் ஓட்டைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2023 செப்டம்பரில், வெப்பி என்ற பட வடிவத்தைத் திறக்கும் நிரல்தொகுப்பில் ஒரு பெரிய ஓட்டை தெரியவந்தது. வஞ்சகமாக வடிவமைத்த ஒரு படத்தைக் காட்டினாலே உள்ளே நுழையலாம். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் எல்லாமே அந்தத் தொகுப்பைத்தான் பயன்படுத்தின. செப்டம்பர் 6 அன்று ஆப்பிளின் பாதுகாப்புக் குழுவும் டொராண்டோவின் சிட்டிசன் லேப் ஆய்வகமும் தகவல் கொடுத்தன. 11-ஆம் தேதி குரோமுக்குத் திருத்தம் வந்தது, அடுத்த நாள் ஃபயர்ஃபாக்ஸுக்கு.

திருத்தம் வெளியான பிறகுதான் அவசரம் கூடுகிறது. குரோமின் அடிப்படை நிரல் எல்லோரும் படிக்கத் திறந்து கிடக்கிறது. எந்த இடம் திருத்தப்பட்டது என்று பார்த்தால், ஓட்டை எங்கே இருந்தது என்று தாக்குபவருக்குத் தெரிந்துவிடும். இன்னும் புதுப்பிக்காதவர்களை அதை வைத்தே தாக்கலாம். இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் 2023 ஆகஸ்டிலிருந்து குரோம் வாரம் ஒரு முறை பாதுகாப்புத் திருத்தம் வெளியிடுகிறது. அப்டேட் தானாகவே இறங்கிவிடும். ஆனால் பிரவுசரை மூடித் திறக்கும் வரை அது செயலுக்கு வராது. நாற்பது பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, மூடினால் தொலைந்துவிடுமே என்று வாரக்கணக்கில் மூடாமல் வைத்திருப்பவரிடம் திருத்தம் இறங்கியும் பயன் இல்லை. மேல் மூலையில் ‘அப்டேட்’ என்று தெரிந்தால் அன்றைக்கே பிரவுசரை மூடித் திறந்துவிட வேண்டும். பழைய பக்கங்களைத் திரும்பத் திறக்கும் வசதி எல்லாப் பிரவுசரிலும் இருக்கிறது. புதிய திருத்தங்கள் நின்றுபோன பழைய கைபேசியில் வங்கி வேலைகளை வைத்துக்கொள்ளாமல் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

பயனரின் கையையே ஏவுவது

மதில் உயர்ந்ததும் சாதாரணத் திருடர்கள் மதிலைவிட்டுக் காவல்காரரிடம் வந்துவிட்டார்கள். 2024 முதல் வேகமாகப் பரவிவரும் ‘கிளிக்ஃபிக்ஸ்’ என்ற முறையை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

வழக்கமாகப் போகும் ஒரு தளத்தில், நான் ரோபோ இல்லை என்று உறுதிப்படுத்தும் பெட்டி வருகிறது. பழக்கப்பட்ட பெட்டிதான், சொடுக்கினால் புதிய வழிமுறை ஒன்று எழுகிறது. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோலையும் வி-யையும் அழுத்துங்கள், பிறகு என்டர். மூன்றே படி. பெட்டியைச் சொடுக்கியபோதே பக்கம் ஒரு கட்டளையைக் கிளிப்போர்டில் சத்தமில்லாமல் நகலெடுத்து வைத்துவிட்டது. முதல் படி விண்டோஸின் ‘ரன்’ பெட்டியைத் திறக்கிறது, இரண்டாவது படி கட்டளையை அதில் ஒட்டுகிறது, மூன்றாவது படி ஓட்டுகிறது. கட்டளையின் கடைசியில், நான் ரோபோ இல்லை, சரிபார்ப்பு எண் இன்னது என்று ஒரு குறிப்பையும் சேர்த்து வைத்திருப்பார்கள். ‘ரன்’ பெட்டி சிறியது. நீளமான கட்டளையின் வால் பகுதியான அந்தக் குறிப்பு மட்டும்தான் அதில் தெரியும், தீங்கு செய்யும் தலைப்பகுதி இடப்பக்கம் மறைந்திருக்கும்.

இதில் பிரவுசரின் எந்த அடைப்பும் உடைபடவில்லை. கணினியின் உரிமையாளரே தன் கையால் கட்டளையிட்டதாகத்தான் இயங்குதளம் எடுத்துக்கொள்கிறது. இப்படி உள்ளே வருவது பெரும்பாலும் ‘லும்மா’ போன்ற திருட்டு நிரல். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், மின்நாணயப் பணப்பைகள், உள்நுழைவுக் குக்கிகள் ஆகியவற்றை நிமிடங்களில் வாரிக்கொண்டு போகும். குக்கி போனால் ஓ.டி.பி.யும் காக்காது. ஏற்கெனவே உள்நுழைந்தவர் என்பதற்கான அடையாளமே அந்தக் குக்கிதான். 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையிலான இரண்டு மாதங்களில் மட்டும் உலகெங்கும் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் லும்மாவை மைக்ரோசாஃப்ட் அடையாளம் கண்டது. பிறகு நீதிமன்ற ஆணை பெற்றும் பல நாட்டுக் காவல்துறைகளோடு சேர்ந்தும் அதன் சுமார் 2,300 இணைய முகவரிகள் முடக்கப்பட்டன.

பிரவுசர் பழசாகிவிட்டது, இந்தக் கோப்பை இறக்குங்கள் என்று பக்கத்தின் நடுவில் எழும் அறிவிப்பும் இதே குடும்பம்தான். 2022 நவம்பரில் அமெரிக்காவின் 250-க்கும் மேற்பட்ட செய்தித் தளங்களில் இத்தகைய போலி அப்டேட் நிரல் பரவியதை புரூஃப்பாயிண்ட் நிறுவனம் அறிவித்தது. அந்தத் தளங்களுக்கெல்லாம் வீடியோவும் விளம்பரமும் வழங்கிய ஒரே நிறுவனத்தின் நிரல் கெட்டுப்போனதுதான் காரணம்.

ஆகவே விதி எளிது. உண்மையான மனிதச் சோதனை எதுவும் ஒருபோதும் விசைப்பலகையில் கட்டளை ஒட்டச் சொல்லாது. பிரவுசரின் உண்மையான அப்டேட் எந்த இணையப் பக்கத்துக்குள்ளும் வராது, பிரவுசரின் சொந்தப் பட்டியலில்தான் வரும். இந்த இரண்டையும் வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒரு முறை திரையில் காட்டிச் சொல்லிவைப்பது, விலை கொடுத்து வாங்கும் பல பாதுகாப்பு மென்பொருள்களைவிட அதிகம் காப்பாற்றும்.

பூட்டும் தேடலும்

பூட்டுக் குறியை வைத்துத் தளத்தை எடைபோடும் பழக்கத்தையும் விட வேண்டியிருக்கிறது. இடையில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டும்தான் பூட்டு தரும் உறுதி. மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்று அது சொல்வதில்லை. பிஏவேஸ்.காமுக்கே பூட்டுச் சான்றிதழ் இருந்தது. 2021-இல் கூகிள் நடத்திய ஆய்வில் கலந்துகொண்டவர்களில் 11 விழுக்காட்டினருக்குத்தான் அந்தக் குறியின் சரியான பொருள் தெரிந்திருந்தது. 2023 செப்டம்பரில் குரோம் அதை நீக்கிவிட்டு வேறு குறியை வைத்தது.

தேடல் முடிவுகளின் உச்சியில் வரும் விளம்பரங்கள் இன்னொரு கண்ணி. 2023 அக்டோபரில், கடவுச்சொல் சேமிக்கும் ‘கீபாஸ்’ மென்பொருளைக் கூகிளில் தேடியவர்களுக்கு ஒரு விளம்பரம் வந்தது. அதில் காட்டிய முகவரி சரியானது. சொடுக்கினால் போய்ச் சேர்ந்த தளத்தின் முகவரியில், முதல் எழுத்தான ‘கே’-க்கு அடியில் மட்டும் காற்புள்ளி போல ஒரு சிறு வால் இருந்தது. திரையில் ஒட்டிய தூசி என்று துடைக்கத் தோன்றும் அளவுக்குத்தான் அந்த வித்தியாசம். அங்கே கிடைத்தது கீபாஸ் அல்ல, தீநிரல். இந்த வகை மோசடிகளைக் காரணம் காட்டி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2022 டிசம்பரில் ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டது. இணையத்தில் தேடும்போது விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்பது அதில் இருந்த அறிவுரைகளில் ஒன்று. ஏலத்தில் நுழையும் தீநிரலுக்கும் தேடலில் வரும் போலிக்கும் ஒரே கதவை அது சாத்துகிறது. நல்ல செய்தித் தளங்கள் விளம்பரத்தால்தான் பிழைக்கின்றன என்பதும் உண்மை. நம்பும் பத்திரிகைக்குச் சந்தா கட்டுவது அதற்கு நேர்மையான ஈடு.

தடுப்பானைச் சேர்க்கும்போது ஓர் எச்சரிக்கை. பிரவுசரில் சேர்க்கும் ஒவ்வொரு நீட்சியும், திறக்கும் எல்லாப் பக்கங்களையும் படிக்கும் உரிமையைக் கேட்கக்கூடும். ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்ற நீட்சியை 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வைத்திருந்தார்கள். 2020-இல் அது கைமாறியது. 2021 பிப்ரவரியில், தீநிரல் இருக்கிறது என்று கூகிள் அதை முடக்கியது. 2024 கிறிஸ்துமஸ் சமயத்தில் சைபர்ஹேவன் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர் ஒருவரைப் போலி மின்னஞ்சலால் ஏமாற்றி, அந்நிறுவனத்தின் நீட்சியிலேயே திருட்டு நிரலைச் சேர்த்து வெளியிட்டார்கள். அதை வைத்திருந்தவர்கள் சுமார் 4 லட்சம் பேர். நன்கு அறியப்பட்ட ஒரு தடுப்பான், தேவைப்பட்டால் கடவுச்சொல் மேலாளர், அத்தோடு நிறுத்திக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடுவது நல்லது.

பணம் கட்டும் பக்கத்திலேயே திருட்டு நிரல் இருந்தால் பயனருக்கு அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அங்கே செய்யக்கூடியது, திருட்டுப் போன எண் பயன்படாமல் பார்த்துக்கொள்வது. இந்தியாவில் வழங்கப்படும் புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் இணையப் பரிவர்த்தனையும் கார்டுதாரர் கேட்டால் மட்டுமே திறக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. வங்கிச் செயலியில் எந்த நேரமும் அவற்றை அணைக்கலாம், உச்சவரம்பை மாற்றலாம். பல வெளிநாட்டுத் தளங்கள் ஓ.டி.பி. கேட்பதில்லை என்பதால் திருடிய கார்டு எண்கள் அங்கேதான் செலவாகின்றன. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்துவைத்து, தேவைப்படும் நாளில் மட்டும் திறப்பதற்கு அரை நிமிடம் போதும்.

இத்தனைக்கும் பிறகு ஏதோ உள்ளே வந்துவிட்டது என்று சந்தேகம் எழுந்தால், செய்யும் வரிசை முக்கியம். முதலில் அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டிக்க வேண்டும். கடவுச்சொற்களை அதே கணினியில் மாற்றினால் புதியவையும் திருடனுக்கே போகும், ஆகவே வேறொரு கருவியில் மாற்ற வேண்டும். மின்னஞ்சலில் தொடங்கி, பிறகு வங்கி, பிறகு மற்றவை. கடவுச்சொல்லை மாற்றுவதோடு நிறுத்தாமல், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்ற வசதியையும் பயன்படுத்த வேண்டும். திருடப்பட்ட குக்கி அப்போதுதான் செத்துப்போகும். பணம் போயிருந்தால் இந்தியாவில் 1930 என்ற எண்ணை உடனே அழைக்கலாம், தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியலாம். புகார் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் நிறுத்திவைக்க வங்கிகளுக்கு அவ்வளவு வாய்ப்பு. கணினியைச் சுத்தம் செய்யும் இலவசக் கருவிகள், மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு நடத்தும் சைபர் ஸ்வச்சதா கேந்திராவில் கிடைக்கின்றன. திருட்டு நிரல் உறுதியாக ஓடியிருந்தால், தேவையான கோப்புகளை எடுத்துக்கொண்டு இயங்குதளத்தையே புதிதாக நிறுவிவிடுவதுதான் பாதுகாப்பு. எந்தத் தளத்தில் அது நடந்தது என்பதையும் தேதி, நேரம், திரைப் பிடிப்போடு அந்தத் தளத்தாருக்கு எழுதி அனுப்ப வேண்டும். நிர்வாகியின் கண்ணுக்கு மறையும்படி எழுதப்பட்ட நிரலை அவர் தேடத் தொடங்க அந்தக் கடிதம்தான் ஆதாரம்.